எங்கள் வீட்டுத் தாணையம்

ஆவணி பிறந்த வாரத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் தாணையம் வைத்தார்கள். அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாள். நான் குடம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு வெளியே காக்கிச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். தெரு முடிகிற வரைக்கும் வரிசை இருந்தது. எல்லாரிடமும் சுருட்டிய ஜமுக்காளமும் ஒரு தட்டும் டம்ளரும் இருந்தன. துப்பாக்கி சிலரிடம்தான் இருந்தது. முன்னால் நின்றவர் மீசையை மழித்திருந்தார். மீசை இருந்த இடம் மட்டும் விறைப்பாகவே இருந்தது. தன் பெயர் சுபேதார் துரைசிங்கம் என்றார்.

"என்ன விசயம்?" என்று கேட்டேன்.

"இருக்க வந்திருக்கோம்மா."

வெயில் சுள்ளென்று அடித்தது. வீடு தேடி வந்தவர்களை வாசலில் நிற்க வைத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். செருப்பில்லை, பூட்ஸ். கழற்றவே வெகுநேரம் ஆனது.

எங்கள் உள்ளறையில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அந்த அறைக்குள் அத்தனை பேரும் நுழைந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பின்சுவர் தூரத்தில் தெரிந்தது. அங்கே கொடி கட்டிக் கால்சட்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள். நான் ஒரு காலை எடுத்து வைத்ததும் சுவர் பழைய இடத்துக்கு வந்து என் மூக்கில் இடித்தது. காலை எடுத்ததும் திரும்பிப் போனது. அவர்களுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

என் தையல் மிஷினில் ஒருவர் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். தைத்து முடித்ததும் எல்லாப் பொத்தான்களையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். என் நூல்தான்.

"நீங்க போலீசா, மிலிட்டரியா?" என்று சுபேதாரைக் கேட்டேன்.

"தாணையம்."

"அப்படின்னா?"

"ஒரு கோட்டையைக் காக்கறதுக்காக அங்கயே தங்க வச்ச படை."

நான் வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினேன். முன்னால் ஒரு கம்பிக் கேட்டு. பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம். மேலே தண்ணீர்த் தொட்டி, அதிலும் ஒரு விரிசல். "இது கோட்டையா?"

"கோட்டை இருந்தா தாணையம் வைப்பாங்க. இங்க தாணையம் வச்சிட்டாங்க" என்றார். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை என்பதைப் போலக் காப்பியை உறிஞ்சினார்.

தாணையம் வந்த பிறகு தெருவில் ஒரு காவலாள் நிற்க வேண்டியிருந்தது. காவலாள் நிற்க ஒரு முனை வேண்டும். எங்கள் தெரு நேரான தெரு, முனை கிடையாது. பக்கத்து வீட்டுப் பூதப்பாண்டி அண்ணாச்சி எந்தப் பொதுக் காரியம் என்றாலும் முன்னால் நிற்கிறவர். அவர் தெருமுனை ஆகிவிட்டார். வேட்டி சட்டையோடு அப்படியே திரும்பி நின்றார், தெருவும் அவரோடு திரும்பிவிட்டது. அவர் மனைவி பிரேமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போகும்போது அவரைச் சுற்றித்தான் போக வேண்டும். "வீட்டுல இருந்தாலும் இப்படித்தான்க்கா, சுத்தித்தான் போவேன்" என்றாள்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உள்ளறை எனக்கு வேண்டும். என் மகள் கோமதிக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அவள் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டாள். வந்தால் படுக்க வைக்க அந்த ஓர் அறைதான் இருக்கிறது. அதன் கட்டிலில் ஒரு ஹவில்தார் மல்லாந்து படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியிலிருந்து எங்கள் பாளையங்கோட்டைக்கு ஒரு மணி நேரப் பயணம். கோமதி கிளம்பிய அன்று சாயங்காலம் போன் செய்தேன்.

"எங்கட்டி இருக்க?"

"வாகைக்குளம் தாண்டிட்டேம்மா."

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "வல்லநாட்டு மலை தெரியுது" என்றாள். புரட்டாசியில் கேட்டேன். "மலை இன்னும் தெரியுதும்மா" என்றாள்.

சுபேதாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "கோட்டைக்கு வர்ற பாதை வெளிய இருக்கறவங்களுக்கு நீளமாத்தான் இருக்கும்மா. இல்லாட்டி எல்லாரும் வந்துருவாங்களே."

"அவ எம் மக."

"மகளுக்குக் கொஞ்சம் குறைச்சலாத்தான் நீளும்."

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர் பெயர் ஆவுடையப்பன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வாங்கிய அன்று ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிட எழுந்திருப்பார், குளிக்க எழுந்திருப்பார். அவ்வளவுதான். வீடு தீப்பிடித்தால் நாற்காலியோடுதான் தூக்க வேண்டும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"வீட்டுக்குள்ள ஒரு பட்டாளமே உக்காந்திருக்கு. நீங்க ஆம்பளைதான? கேளுங்களேன்" என்றேன்.

பேப்பரை இறக்கிப் பார்த்தார். "அவிய பாட்டுக்கு இருக்காவ. நாம பாட்டுக்கு இருக்கோம்" என்றார். பேப்பரை ஏற்றிக்கொண்டார்.

சுபேதார் இதை உள்ளறை வாசலிலிருந்து கவனித்தார். மெல்ல என்னிடம் வந்தார்.

"இவர் எந்தத் தாணையம்?"

"எங்க வீட்டுக்காரவிய."

"எவ்வளவு காலமா இப்படி இருக்கார்?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

சுபேதார் குதிகாலைச் சேர்த்து நின்று இவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் நான் தங்கல் அலுவலகத்துக்குப் போனேன். ஓரிடத்தில் தங்கியிருப்பவர்கள் சம்பந்தமான எல்லாவற்றையும் அங்கேதான் பார்க்கிறார்கள். பெரிய கட்டடம் இல்லை. ஆனால் உள்ளே ஒரு நடை இருக்கிறது. அவசரமாக வருகிறவர்களுக்கு அது நீளும். எனக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாக இரண்டெட்டு வைத்து அறைக்குள் போய்விட்டார். நான் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் சலித்துப்போய்த் தரையில் உட்கார்ந்தேன். பார்த்தால் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெபராணி என்ற உதவியாளர் இருந்தாள். நல்ல பிள்ளை. தலை நிறைய மல்லிகை.

"என்ன வேணும்க்கா?"

"எங்க வீட்டுல ஆளுவ இருக்காவ. எழுப்பணும்."

"என்ன செய்யுதாவ?"

"ஒண்ணும் செய்யல. இருக்காவ."

"சண்டை போடுதாவளா?"

"இல்ல."

"எங்கயாவது நடக்காவளா?"

"கக்கூஸுக்கு நடக்காவ."

"அது நடையில சேராது." பேனா மூடியைக் கடித்தாள். "அவிய தங்களை என்னன்னு சொல்லுதாவ?"

"தாணையம்னு."

"சரியாத்தான் சொல்லிருக்காவ. சண்டைக்குப் போனா படை. போற வழியில கூடாரம் போட்டா பாளையம். ஒரு இடத்துல வந்து, இருக்கறதே வேலைன்னு இருந்தாத்தான் தாணையம். கண்டதுக்கும் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. போன வாரம் ஒருத்தர் வந்தாரு. மச்சினன் வந்து மாசக் கணக்குல இருக்கான், வீட்டுல தாணையம்னாரு. திருப்பி அனுப்பிட்டோம்."

"மச்சினனையா?"

"அவரை."

நான் கோமதியைப் பற்றிச் சொன்னேன். அவள் வழியிலேயே ஒன்பதாம் மாதத்தைத் தொட்டுவிட்டாள், உள்ளறையை விட்டால் வேறு இடம் இல்லை என்றேன். ஜெபராணியின் முகம் இளகியது.

"அவியள முதல்ல என்ன சொல்லி உள்ள கூப்பிட்டிய?"

"காப்பி குடிச்சிட்டுப் போலாம்னேன்."

"குடிச்சாவளா?"

"குடிச்சாவ. எந்திரிச்சாவ. அதுக்குள்ள மத்தியானம் ஆயிட்டு. சாப்பிட்டுட்டுப் போலாம்னேன்."

"சாப்பிட்டு எந்திரிச்சிருப்பாவளே?"

"எந்திரிச்சாவ. வெயில் தாழட்டும், காப்பி குடிச்சிட்டுப் போலாம்னேன்."

"அப்புறம்?"

"விளக்கு வைக்கிற நேரத்துல யாரையாவது வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? நீயே சொல்லு."

ஜெபராணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சாப்பிடச் சொன்ன இடத்தை விட்டுத் தாணையம் எழும்பாது. அது அவிய சட்டம். ஒரே ஒரு வேளை நீங்க அப்படிச் சொல்லாம இருங்க. மூட்டையைக் கட்டிருவாவ."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆவணியிலிருந்து வேளா வேளைக்கு நானே அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை. யாராவது எழுந்தால் என் வாய் தானாக அதைச் சொல்லிவிடும்.

"கிளம்பினா எங்க போவாவ?" என்று கேட்டேன்.

"தாணையம்ங்கற பேரு வாசப்படி வரைக்கும்தான். தாண்டினா படை. படைன்னா அதுக்கு ஒரு சண்டை காத்திருக்கும்."

"சண்டைக்குப் போயிட்டுத் திரும்பி வருவாவளா?"

"அதுக்கு எங்ககிட்ட ஒரு சொல்லும் இல்லக்கா" என்றாள். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னாள்.

அவர்கள் எனக்கு உறவா, சொந்தமா? பாவம்தான். ஆனால் என் மகள் முக்கியம். நான் எழுந்தேன்.

"இருங்கக்கா, டீ வந்துரும். குடிச்சிட்டுப் போலாம்" என்றாள் ஜெபராணி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். டீ குடித்து எழுந்தால் அவள் வாய் மறுபடியும் அதையே சொல்லிவிடும், நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அங்கே இருந்தேன். ஞாயிறன்று அலுவலகம் விடுமுறை. டீ வராது. அதனால் விட்டுவிட்டார்கள்.

நான் இல்லாத நாளெல்லாம் பிரேமா சோறு பொங்கிப் போட்டு, என்னைப் போலவே எல்லாரையும் இருக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் அதே நாற்காலியில்தான் இருந்தார். லுங்கிக்கு மேல் அகலமான தோல் பெல்ட் கட்டியிருந்தார்.

"என்ன இது?"

"பெல்ட்டு."

"யாரு குடுத்தா?"

"சுபேதாரு. என்னை மாதிரி ஒரு ஆளை அவரு சர்வீஸ்லயே பாத்ததில்லையாம்." அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. கல்யாணத்தன்று கூட அப்படி வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை. "சேத்துக்கிட்டாவ" என்றார்.

பெல்ட்டின் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். "கழத்துங்க முதல்ல."

"கழத்தக் கூடாதாம் செண்பா."

உள்ளறைக்கு ஓடினேன். சுபேதார் சவரம் செய்துகொண்டிருந்தார். இல்லாத மீசையை நறுக்கிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

"எங்க வீட்டுக்காரவியள விட்டுருங்க" என்றேன்.

"ஒருத்தரை மட்டும் விட முடியாதும்மா. தாணையம் இருந்தா மொத்தமா இருக்கும். எழும்பினா மொத்தமா எழும்பும்."

"அவியளுக்கு முட்டி வலி. தெருமுனை வரைக்கும் நடக்க மாட்டாவ."

"இருக்கறதுக்கு முட்டி எதுக்கு?" என்றார் அவர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அன்று மத்தியானம் பந்தி முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். தட்டைக் கழுவினார்கள். என்னைப் பார்த்தார்கள். இவரும் வரிசையில் நின்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "வெயில் தாழட்டும். காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். இவரும் உட்கார்ந்தார். இந்த முறை வாய் தானாகச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஐப்பசி முழுக்க இப்படியே போனது. சொல்லாமல் விட்டால் அறை கிடைக்கும், இவர் போய்விடுவார். சொன்னால் இவர் இருப்பார், மகளுக்கு அறை கிடையாது. அரிசி களையும்போது ஒரு முடிவுக்கு வருவேன், வடிக்கும்போது மாற்றிவிடுவேன். இவரைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். இத்தனை வருஷமாக எழுந்திரு எழுந்திரு என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்போது இந்த மனிதர் எழுந்திருக்கவே கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன்.

ஒருநாள் பதினொரு மணி வாக்கில் கோமதி போன் செய்தாள்.

"அம்மா, கே.டி.சி. நகர் வந்துட்டேன். பஸ்ஸ விட்டு எறங்கி ஆட்டோல ஏறிட்டேன்." மூச்சு வாங்கியது. "வலி எடுத்துட்டும்மா."

"பயப்படாத. நேரா வா. அறையெல்லாம் தயாரா இருக்கு" என்றேன். பச்சைப் பொய்.

அன்று சமையலை முன்னதாகவே முடித்தேன். பந்தி போடும் முன்னால் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்தேன். வாய் கொள்ளுமட்டும் ஊற்றி நிறுத்திக்கொண்டேன். விழுங்கவில்லை. வாயில் தண்ணீர் இருக்கும்போது யாரையும் இருக்கச் சொல்ல முடியாது. என் வாயைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

இவர் முட்டி வலிக்காரர், அண்ணாச்சியைத் தாண்டுவதற்குள் எங்காவது உட்கார்ந்துவிடுவார், சண்டை இவரைப் பார்க்காமலே வேறு பக்கம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்தார்கள். எழுந்தார்கள். தட்டைக் கழுவினார்கள். என்னைப் பார்த்தார்கள்.

நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன்.

சுபேதார் தொண்டையைக் கனைத்தார். "அப்போ..." என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வெயில் கூட இருக்கு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். ஜமுக்காளங்கள் சுருட்டுகிற சத்தம் கேட்டது. தையல் மிஷின் நின்றது. ஹவில்தார் கட்டிலை விட்டு எழுந்தார். கட்டில் பெருமூச்சு விட்டது. கடைசியாக ஹாலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் நான் அதிகம் கேட்டதில்லை.

ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் ஒரு நொடி என் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். பொத்தான் தைப்பவர் என் நூல்கண்டைத் திருப்பித் தந்தார். அதில் நூல் அப்படியே இருந்தது.

இவர் வந்து நின்றார். பூட்ஸ் போட்டிருந்தார். நாடாவைத் தப்பாகக் கட்டியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் நான்தான் கட்டிவிட வேண்டும். குனிந்து அவிழ்த்துக் கட்டினேன். வாயில் தண்ணீர் இருந்தது, கண்ணிலும் வந்துவிட்டது.

"சோறு நல்லா இருந்துச்சு செண்பா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார். எப்போது சொல்கிறார் பாருங்கள்.

நான் தண்ணீரை விழுங்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ ஹார்ன் கேட்டது. அது கோமதியின் ஆட்டோ. இவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் எடுத்து வைத்தார். படை ஆகிவிட்டார். முதுகு கூட நேரானது. முட்டி வலிப்பதாகவே தெரியவில்லை.

ஆட்டோ அண்ணாச்சியைச் சுற்றித் திரும்பி கேட்டுக்கு முன்னால் நின்றது. கோமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வயிறு வாய் வரைக்கும் இருந்தது. தெரு முழுக்கக் காக்கிச் சட்டை. நடுவில் பெல்ட்டோடு அவள் அப்பா.

"அப்பா! எங்க போறிய?" என்றாள்.

அவர் குனிந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மத்தியான நேரத்துல யாரு எல்லாரையும் வெளிய அனுப்புனது?" வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே என் மகள் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்."

என் வாயிலிருந்த தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பூட்ஸ்கள் ஒரே சத்தமாகத் திரும்பின. போனதைவிட வேகமாக வந்தார்கள். கோமதி கேட்டைத் தாண்டும் முன் உள்ளறை நிரம்பிவிட்டது. ஹவில்தார் கட்டிலில் படுத்தார். தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோமதி ஹால் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. உள்ளறைக் கதவைத் திறந்து அவளை நுழைக்கப் பார்த்தேன். பின்சுவர் ஓடி வந்து இருவரையும் வெளியே தள்ளியது. ஆட்டோவைத் தேடினேன். போய்விட்டிருந்தது. ஹால் கதவு, ஜன்னல், எங்கே பார்த்தாலும் காக்கிச் சட்டை தலை நீட்டிக்கொண்டு நின்றது. அத்தனை கண்களுக்கு நடுவில் என் மகள் வெறும் தரையில் கிடந்தாள்.

எனக்கு வந்த கோபம் இன்னதென்று இல்லை. சுபேதாரின் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"இருக்கோம் இருக்கோம்னு ஆவணியில இருந்து இருக்கியளே, எதுக்குய்யா இருக்கிய? ஒரு கோட்டையைக் காக்கறதுக்குன்னு சொன்னிய. எதைக் காத்திய? இந்தா கெடக்காளே என் பிள்ள, இவளைக் காக்கத் துப்பு இருக்கா?"

சுபேதார் சட்டைக் காலரை விடுவித்துக்கொள்ளவில்லை. யோசித்தார். அவர் யோசித்து அன்றுதான் பார்த்தேன். முகம் மாறிக்கொண்டே போனது.

"இதுவரைக்கும் எங்களை வச்ச கோட்டை எதுலயும் உள்ள ஒண்ணும் இருந்ததில்லம்மா" என்றார். "வெறும் சுவரத்தான் காத்தோம்."

காலரைச் சரி செய்துகொண்டார். திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். என்ன சொல் என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் எல்லாருக்கும் புரிந்தது.

உள்ளறையிலிருந்து வந்தார்கள். ஜன்னலிலிருந்து வந்தார்கள். கோமதியைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். எல்லாரும் வெளிப்புறம் பார்த்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. உள்ளே எங்களுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. முதுகுகள் கூரை வரைக்கும் இருந்தன. ஜமுக்காளங்களை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தார்கள். வெளிச்சம் அளவாக வந்தது. நான் கேட்ட அறையைவிட அது பெரிதாகவே இருந்தது.

பிரேமாவை யாரோ தெருமுனையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே விட்டார்கள். "சுடுதண்ணி" என்றாள். தட்டும் டம்ளரும் கைமாறிக் கைமாறி வந்தன. எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் இருந்தது.

இவரும் வரிசையில் நின்றார். முதல் வரிசையில், எங்களுக்கு மிக அருகில். அகல பெல்ட்டை வைத்து அடையாளம் கண்டேன். கோமதி கத்தும்போதெல்லாம் அந்த முதுகு நடுங்கியது. ஆனால் நகரவில்லை. நாற்காலி இல்லாமல் அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"முக்கு, கோமதி" என்றாள் பிரேமா. "இன்னும் கொஞ்சம்."

கோமதி என் கையைப் பிடித்து முறுக்கினாள். குழந்தை வந்தது. ஆண் குழந்தை. பிரேமா தலைகீழாகப் பிடித்தாள். முதுகில் தட்டினாள். குழந்தை அழவில்லை.

மறுபடி தட்டினாள். அழவில்லை. பிரேமா என்னைப் பார்க்காமல் இருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோமதி, "என்னம்மா, என்னம்மா" என்றாள். அவள் பார்த்துவிடாதபடி அவள் முகத்தை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

அப்போது சுபேதாரின் முதுகு விறைத்தது. வாசல் வழியாக வராத ஓர் ஆள் கோட்டைக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படி ஓர் ஆள் இருந்தால் தாணையம் விசாரிக்க வேண்டும். அது அவர்கள் சட்டம்.

"யாரது உள்ள?" என்று திரும்பாமல் கேட்டார்.

பிரேமா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள்.

"யாரது?" என்றார் மறுபடியும். எல்லாத் துப்பாக்கிகளும் தோளை விட்டு இறங்கின. பிரேமா குழந்தையின் வாயைத் துடைத்து ஊதினாள். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. சுபேதாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை கேளய்யா, சத்தமாகக் கேளு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"யாரது உள்ள?" என்று அவர் போட்ட சத்தத்தில் தொட்டியின் விரிசல் பெரிதாகித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

குழந்தை வீறிட்டு அழுதது.

சுபேதார் அதைக் கடைசி வரைக்கும் கேட்டார். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டார். "சரி, இருக்கட்டும்" என்றார். துப்பாக்கிகள் தோளுக்குப் போயின. யாரும் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பிவிட்டார்.

காவலில் நிற்பவர் உள்ளே பார்க்கக் கூடாதாம். பார்த்தால் தாணையத்தில் இடமில்லையாம். சுபேதார் வந்து அவர் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பூட்ஸையும் கேட்டார். நான்தான் குனிந்து நாடாவை அவிழ்த்தேன். இவருக்கு எதுவும் தெரியவில்லை. பேரனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.